வாகடூகுவின் பட உற்சவம்

மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில், கடற்கரையிலிருந்து பல நூறு மைல் விலகி, ஆண்டில் பெரும்பகுதி செம்புழுதியிலும் எஞ்சிய சில மாதங்கள் செஞ்சேற்றிலும் கிடக்கிற வாகடூகு என்னும் நகரத்தை, சினிமாக் கலைக்குத் தலைநகரமென்று ஒரு கண்டம் முழுவதும் ஒப்புக்கொண்டிருப்பது, பூகோளத்தையும் பொருளாதாரத்தையும் மட்டும் அறிந்தவர்களுக்கு விளங்காத விஷயம். அந்த நாட்டுக்கு இப்போது புர்கினா ஃபாசோ என்று பெயர். 1960-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டபோதும், பட உற்சவம் தொடங்கிய 1969-இலும் அதற்கு 'மேல் வோல்ட்டா' என்று பெயர். உற்சவம் தொடங்கிய காலத்தில் அந்நாட்டார் எவரும் முழுநீளக் கதைப்படம் ஒன்றுகூட எடுத்து முடித்திருக்கவில்லை. செனகல் நாட்டு டக்கார் நகரமோ 1966-இலேயே கறுப்பின மக்களின் கலைகளுக்கென உலகமகா விழா ஒன்றை நடத்திப் பெயர் பெற்றிருந்தது. ஆப்பிரிக்கரில் முதன்மையான பட இயக்குநர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள். டுனீசியாவில் கார்த்தேஜ் நகரின் பேரால் ஒரு பட விழா அதே ஆண்டில் தோன்றிவிட்டது. இவ்வளவும் இருக்க, ஏழை நாட்டின் ஏழைத் தலைநகருக்கு இந்தப் பாக்கியம் வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்டால், படம் எடுப்பதைக் காட்டிலும் எடுத்த படத்தைத் தன் ஜனங்களுக்குக் காட்டுவதுதான் அரிதாக இருந்த ஒரு காலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

1934-ஆம் ஆண்டில், பிரெஞ்சு மந்திரி பியேர் லவாலின் பெயரால் வழங்கும் ஆணை ஒன்று பிறந்தது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் படம் பிடிக்க விரும்புகிறவர் எவராயினும், எதைப் பிடிக்கப் போகிறார், யாரைக் கொண்டு பிடிக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கவர்னரின் அனுமதி பெற்றாக வேண்டும் என்பது அதன் சாரம். ஆப்பிரிக்கர் கையில் காமிராவே இல்லாத நாளில் இப்படியொரு ஆணைக்கு அவசியம் என்ன என்று தோன்றும். அதன் பிரயோஜனம் 1950-இல் வெளிப்பட்டது. கிராமத்துப் பள்ளிகளைப் படம் பிடித்து வரும்படி ஒரு கல்விச் சங்கம் அனுப்பிய ரெனே வோத்தியே என்ற பிரெஞ்சு வாலிபர், பள்ளிகளுக்குப் பதிலாகக் கட்டாய வேலையையும், வரி கட்டாத ஊர்களுக்கு நேர்ந்த கதியையும் கண்டு அவற்றையே படமாக்கிவிட்டார். சுருள்களில் பெரும்பகுதியைப் போலீஸார் பறித்துக்கொண்டனர். மீந்ததைக் கொண்டு அவர் தொகுத்த 'ஆஃப்ரிக் 50' என்ற சிறு படம் பிரான்ஸில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தடையில் கிடந்தது. எடுத்தவருக்குச் சிறைவாசம் கிடைத்தது. வெள்ளையருக்கே இதுவானால் மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸின் சினிமாக் கல்லூரியில் முறையாகப் பயின்ற முதல் ஆப்பிரிக்கரான போலேன் சூமானு வியெய்ரா, தம் சொந்த மண்ணில் படம் பிடிக்க அனுமதி கிடைக்காமையால், 1955-இல் தம் தோழர்களுடன் பாரிஸ் நகரத்து ஆப்பிரிக்க மாணாக்கரின் வாழ்க்கையையே 'ஆஃப்ரிக் சூர் சேன்' என்ற படமாக எடுத்தார். ஆப்பிரிக்கர் கையால் ஆன ஆரம்பப் படங்களில் ஒன்று ஆப்பிரிக்காவிலன்றி சேன் நதிக்கரையில் பிறந்த கதை இது.

விடுதலைக்குப் பின் ஆணை செத்தது. கொட்டகைகள் மட்டும் பழைய எஜமானர் கையிலேயே இருந்தன. பிரெஞ்சு மொழி வழங்கும் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் படங்களைத் தருவிப்பதும், விநியோகிப்பதும், பெரும்பாலான கொட்டகைகளை நடத்துவதும் கோமாசிகோ, செக்மா என்னும் இரண்டே கம்பெனிகளின் ஏகபோகம். அவர்கள் கொண்டுவந்து குவித்தவை அமெரிக்கக் குதிரைவீரர் சண்டைகள், பிரான்ஸில் ஓடித் தேய்ந்த துப்பறியும் கதைகள், எகிப்தியப் பாட்டுப் படங்கள், நமது பம்பாய் ஹிந்திப் படங்கள் ஆகியன. இவற்றின் முதல் வேறு தேசங்களில் வசூலாகிவிட்ட பிறகு, கிழிந்த பிரதிகளாக அற்ப விலைக்கு மொத்தமாக வாங்கப்பட்டவை ஆதலால், எந்த டிக்கட் விலைக்கும் லாபம் கட்டாயம் உண்டு. அதே திரையில் செனகல்காரர் ஒருவரின் படத்தை ஓட்டுவதானால் அதற்குச் செலவான முழுப் பணமும் அந்த வட்டாரத்துக் கொட்டகைகளிலேயே திரும்ப வேண்டும். கம்பெனிக்காரர் அதற்கு ஏன் இசையப் போகிறார்? பகைமையோ நிறத் துவேஷமோகூட இதில் அவ்வளவாக இல்லை. வெறும் கணக்குப் புத்தகமே போதுமானதாக இருந்தது.

இந்நிலையில்தான் செம்பேன் உஸ்மான் தோன்றினார். மார்சேல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்து, அங்கேயே எழுதக் கற்று, நாவலாசிரியராகக் கீர்த்தி பெற்றுவிட்ட அவர், தம் நூல்களை வாசிக்கத் தம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை என்ற உண்மையை எதிர்கொண்டு, நாற்பதை எட்டும் வயதில் மாஸ்கோவுக்குச் சென்று படக் கலை பயின்று திரும்பினார். 1963-இல் அவர் எடுத்த 'போரோம் சாரெத்', டக்காரில் குதிரைவண்டி ஓட்டும் ஓர் ஏழையின் ஒருநாட் பாட்டை இருபது நிமிஷத்தில் சொல்கிறது. வண்டிக்காரன் கூலி கொடாதவர்களை ஏற்றுகிறான். வண்டி நுழையக் கூடாத மேட்டுக்குடிப் பகுதிக்குள் நுழைந்துவிட்டதற்காகப் போலீஸ்காரரிடம் வண்டியையே பறிகொடுக்கிறான். வெறுங்கையாக வீடு திரும்புகிறான். எந்தக் கண்டத்து வண்டிக்காரனுக்கும் புரிகிற கதை. ஆயினும் டக்கார் வண்டிக்காரன் அதைக் காண வழி இருக்கவில்லை.

வழி எங்கே இருந்ததென்றால், அதுதான் விபரீதம். பிரெஞ்சு அரசாங்கத்தின் ஒத்துழைப்பு இலாகா, 1963 முதல் ஒரு சினிமாப் பிரிவு வைத்து, ஆப்பிரிக்க இயக்குநர்களுக்குப் படச்சுருளும் தொகுப்பு வசதியும் தந்து, வியாபாரம் சாராத காட்சி உரிமையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. அப்படி வாங்கிய படங்கள் ஆப்பிரிக்க நகரங்களில் இருந்த பிரெஞ்சுக் கலாசார நிலையங்களில் ஓடின. ஆக, ஓர் ஆப்பிரிக்கர் ஆப்பிரிக்கர் எடுத்த படத்தைக் காண விரும்பினால், முன்னாள் எஜமானரின் வாசற்படி ஏறித்தான் காண வேண்டும்; அங்கே ஏறுகிறவர்களோ, பிரெஞ்சு பேசத் தெரிந்த உத்தியோகஸ்தரும் ஆசிரியர்களுமான சிலர் மாத்திரமே. அந்தச் சிலரில் ஒரு கூட்டம் வாகடூகுவில் சினிமாச் சங்கம் நடத்திவந்தது. நிலையத்தில் பெட்டி பெட்டியாக வந்து போகும் இப்படங்களை ஒரே சமயத்தில் திரட்டி, எடுத்தவர்களையும் வரவழைத்து, ஊரார் எல்லோருக்கும் போட்டுக் காட்டினால் என்ன என்பது அவர்களுக்கு உதித்த யோசனை. அலிமத்தா சலம்பெரே என்ற இளம்பெண்மணி அமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்க, 1969 பிப்ரவரி முதல் தேதி தொடங்கிப் பதினைந்து நாள், பிரெஞ்சு–வோல்ட்டா கலாசார நிலையத்தில் ஆப்பிரிக்க சினிமா வாரம் நடந்தது. வாரம் என்று பேர் சூட்டி இரண்டு வாரம் நடத்திய தாராளத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. செனகல், நைஜர், ஐவரி கோஸ்ட், காமெரூன் ஆகிய நாடுகளிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் வந்தவற்றைச் சேர்த்து இருபதுக்குச் சற்று மேற்பட்ட படங்கள் காட்டப்பட்டன. பரிசு இல்லை, போட்டி இல்லை. ஜனங்கள் எதிர்பார்ப்பை மீறி வந்து குவிந்தார்கள். தங்களைப் போன்ற முகமும், தங்கள் தெருவைப் போன்ற தெருவும் திரையில் வரக் கண்ட ஊர், அடுத்த ஆண்டும் வேண்டும் என்று கேட்டது. அடுத்த ஆண்டும் நடந்தது.

இரண்டு விழாக்களுக்கும் இடையில் நேர்ந்த ஒரு சம்பவம்தான் வாகடூகுவின் தலையெழுத்தை நிர்ணயித்ததென்று நான் எண்ணுகிறேன். வரி விஷயத்தில் அரசாங்கத்தோடு பிணங்கிய இரு கம்பெனிகளும் டிக்கட் விலையைத் தம் இஷ்டம்போல் உயர்த்தி, அரசாங்கம் மறுக்கவே, கொட்டகைகளை இழுத்துப் பூட்டின. அந்நாளில் ஆட்சி புரிந்த லாமிசானா என்ற இராணுவ அதிகாரி புரட்சிக்காரர் அல்லர்; சிக்கனத்துக்கும் நிதானத்துக்கும் பேர் பெற்றவர். ஆனாலும் 1970 ஜனவரியில் நாட்டிலிருந்த ஆறு கொட்டகைகளையும் அவருடைய அரசாங்கம் தேசியமயமாக்கிவிட்டது. கம்பெனிகள் படம் அனுப்ப மறுத்தன. கொட்டகை கையில் இருந்து திரையில் போடப் படம் இல்லாமற் போகவே, சில காலத்துக்குப் பின் அவர்களிடமே பேரம் பேசிப் படம் வாங்க நேர்ந்தது உண்மை. இருந்தபோதிலும் டிக்கட் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி உள்நாட்டுப் படங்களுக்கு முதலாக்கும் நிதி ஒன்று ஏற்பட்டது. ஆப்பிரிக்கப் படத்துக்கு எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய திரைகள், சிறு எண்ணிக்கையிலேனும், அந்த நாட்டில் ஏற்பட்டன. டக்காரில் கலைஞர்கள் இருந்தார்கள். வாகடூகுவில் திரை இருந்தது. கலைஞர்கள் திரையைத் தேடி வந்தார்கள்.

1972 ஜனவரியில் அரசாங்க ஆணையின்படி விழா நிரந்தர ஸ்தாபனமாயிற்று. ஃபெஸ்பாக்கோ என்று இன்று உலகம் அழைக்கும் பெயரும் நிலைத்தது. போட்டியும் பரிசும் அவ்வாண்டு முதல் உண்டாயின. பரிசாக அவர்கள் தேர்ந்துகொண்டது குதிரைமேல் ஆரோகணித்து ஈட்டி பிடித்த ஒரு பெண்ணின் உருவம். மோசி ஜனங்கள் தங்கள் குலத்தின் ஆதித் தாயாகக் கொண்டாடும் யென்னெங்கா என்ற ராஜகுமாரி அவள். போரில் ஆண்களை விஞ்சிய மகளை மணம் செய்து கொடுக்கத் தந்தை மறுக்க, ஆண்குதிரை ஒன்றில் ஏறி ஓடிய அவளை அது காட்டுக்குள் கொண்டு சேர்த்ததாகவும், அங்கே ரியாலே என்ற யானை வேடனோடு அவள் வாழ்ந்து, பிறந்த பிள்ளைக்குத் தன்னைச் சுமந்துவந்த குதிரையின் ஞாபகமாகப் பெயரிட்டதாகவும் கதை. அந்த வேடன் பேராலும், அக்குலத்தில் தோன்றி வாகடூகு அரசை நிறுவிய ஊப்ரி பேராலும் நகரில் சினிமாக் கொட்டகைகள் இருந்தன. கூரை இல்லாத கொட்டகைகள்; சூரியன் மறைந்தால்தான் ஆட்டம் தொடங்கும்; ஹர்மத்தான் காற்று வீசும் பிப்ரவரி மாதத்து இரவில், இயந்திர அறையிலிருந்து திரைக்குப் பாயும் ஒளிக்கற்றையில் சகாராவின் புழுதி சுழன்றுகொண்டே இருக்கும்; பார்ப்பவர்களோ வாயை மூடிக்கொண்டு பார்க்கும் ஜாதியார் அல்லர்: வில்லனை ஏசுவார்கள், கதாநாயகனுக்கு யோசனை சொல்வார்கள், பிரெஞ்சு புரிந்தவன் புரியாத பக்கத்து ஆளுக்கு உரக்க மொழிபெயர்ப்பான்.

முதற் குதிரையைப் பெற்றவர் நைஜர் நாட்டு ஊமரூ கண்டா. அவருடைய சரித்திரம் ஒரு தலைமுறையின் சரித்திரம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோ–சீனாவில் போரிட்டு, அபிஜான் நகரத்தில் துறைமுகக் கூலியாக உழன்றுகொண்டிருந்த அவரை, ழான் ரூஷ் என்ற பிரெஞ்சு மானிடவியலார் கண்டெடுத்து, 1958-இல் வெளிவந்த 'முவா, அன் நுவார்' என்ற படத்தில் அவருடைய வாழ்க்கையையே அவரைக்கொண்டு நடிக்கச் செய்தார். பிறர் படத்தில் தோன்றியவர், பத்தாண்டு கழித்துத் தம் போர் அனுபவத்தைத் தாமே 'கபாஸ்கபோ' என்று படமாக எடுத்தார். பரிசு வாங்கிய 'வாஸூ பலதாரக்காரர்', மெக்கா யாத்திரை முடித்து வந்த பணக்காரர் ஒருவர், மேலும் ஓர் இளம்பெண்ணை மணக்க நினைப்பதையும் அதனால் விளையும் அனர்த்தத்தையும் சொல்வது. வெள்ளையரைக் குறை கூறித் திருப்தி அடையும் படம் அன்று. தம் சமூகத்தின் பெரிய மனிதர்களையே நேருக்கு நேர் நிறுத்திக் கேட்பது. அப்படியொரு படத்துக்கு முதற்பரிசு கொடுக்கத் துணிந்த நடுவர் குழுவை நான் மெச்சுகிறேன்.

உள்ளூர்க்காரர் படம் அதன் பின்னரே மெல்ல முளைத்தது. 1976-இல் வாகடூகுவில் ஒரு சினிமாக் கல்லூரி திறக்கப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் நடந்தது. அங்கே பாடம் சொன்னவர்களில் ஒருவர் கஸ்தோன் கபோரே. பாரிஸில் சரித்திரம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 1982-இல் அவர் எடுத்த 'வெண்ட் கூனி' என்ற படத்தில், வெள்ளையர் காலடி படாத பழங்காலத்தில், புதரில் மயங்கிக் கிடந்த ஊமைச் சிறுவன் ஒருவனை வழிப்போக்கனான வியாபாரி ஒருவன் எடுத்து, அருகிலிருந்த ஊரில் விட்டுச் செல்கிறான். ஒரு குடும்பம் அவனை வளர்க்கிறது. அவ்வீட்டுப் பெண்குழந்தை அவனுக்குத் தோழியாகிறாள். ஒரு நாள் மரத்தில் தூக்கிட்டுத் தொங்கும் பிணத்தைக் கண்ட அதிர்ச்சியில் அவனுக்குப் பேச்சு வருகிறது. சூனியக்காரி என்று துரத்தப்பட்டு மாண்ட தன் தாயின் கதையை அந்தத் தோழியிடம் சொல்கிறான். ஆடு மேய்ப்பதும், நூல் நூற்பதும், தண்ணீர் மொள்வதும் இப்படத்தில் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் எடுக்கின்றன. பம்பாய்ப் படங்களிலும் கௌபாய்ப் படங்களிலும் பழகிய ஊர் ஜனங்கள் இதற்குப் பொறுமை காட்டுவார்களா என்று எவரும் சந்தேகிக்கலாம். ஆனால் அது அவர்களுடைய மூரே மொழியில் பேசியது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே சிறுவன், வளர்ந்த வாலிபனாக நடிக்க, கபோரே எடுத்த தொடர்ச்சியான 'பூத் யாம்' 1997-இல் குதிரையை வென்றது. அதற்கு முன்பே இத்ரீசா உவெத்ராவோகோவின் 'திலாய்' 1990-இல் கான் விழாவில் பெரும்பரிசும் மறு ஆண்டு ஊரில் குதிரையும் பெற்றுவிட்டது.

1983 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்த இளம் காப்டன் தோமா சங்காராவின் காலம், விழாவின் பொற்காலம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நாட்டின் பெயரை மாற்றியவரும் அவரே. பொற்காலம் என்பது ஓரளவு உண்மைதான்; கடல் கடந்து வாழும் கறுப்பினத்தாரையும் விழாவுக்கு அழைத்தார், கண்டத்துச் சினிமாக்காரர் சங்கத்தின் தலைமை அலுவலகம் 1985-இல் வாகடூகுவுக்கு வந்தது. அவ்வாண்டு விழாவின்போதுதான், சங்காரா ஜனங்களைத் திரட்டி வடக்கு நோக்கிப் போட்டுக்கொண்டிருந்த ரெயில் பாதைக்கு, விருந்தினராக வந்த இயக்குநர்களும் சென்று கொளுத்தும் வெயிலில் தண்டவாளம் தூக்கினார்கள். விழா அரசாங்கத்தின் மடியில் ஏறி அமர்ந்ததன் அறிகுறியாகவும் இதைக் கொள்ளலாம். 1987 அக்டோபரில் சங்காரா சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வீழ்த்திப் பதவிக்கு வந்த பழைய தோழரின் ஆட்சியிலும் 1989-இல் விழா வழக்கம்போல் நடந்தது. வராமல் புறக்கணித்தவர்களும் உண்டு. வந்தவர்களுக்கும் அது சுலபமான மனநிலையாக இருந்திராது. அரசாங்கத்தின் தயவில்லாமல் ஏழை நாட்டில் இத்தகைய விழா ஒரு முறைக்கு மேல் நடக்காது. அந்தத் தயவோடு நடந்தால், யார் கையிலிருந்து அது வருகிறது என்று கேட்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தச் சங்கடத்துக்கு வாகடூகு இன்றளவும் பரிகாரம் காணவில்லை.

விழா நாட்களில் நகரின் மத்தியில், படச்சுருள் தட்டுகளையும் காமிராக் கண்ணையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போன்ற ஒரு ஸ்தூபம் நிற்கும் சதுக்கத்தில், வந்திருக்கும் இயக்குநர்கள் கைகோத்து வட்டமாக நின்று, மறைந்த தோழர்களுக்காகத் தரையில் நீர் வார்ப்பது சம்பிரதாயம். அப்பால் ஒரு ஹோட்டலின் நீச்சற்குளத்தைச் சுற்றிலும் முன்பெல்லாம் இரவு முழுதும் வாதம் நடந்தது. முதல் தலைமுறையின் மூத்தவரான செம்பேன் அங்கே தமக்கென ஒதுக்கிய அறையில் தங்கி, புகைக்குழாயுடன் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். குதிரை பெற்றோர் வரிசையில் அவர் பெயர் கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2014 அக்டோபரில், பதவிக் காலத்தை நீட்டிக்க முயன்ற அதிபரை ஜனங்கள் எழுந்து விரட்டியபோது, சட்டசபை உறுப்பினர்கள் தங்கியிருந்த காரணத்தால் அந்த ஹோட்டலும் சூறையாடப்பட்டது.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. 1991-இல் ஆப்பிரிக்கப் பெண் இயக்குநர்களுக்கென்று கூட்டிய கூட்டத்தில், கண்டத்தில் பிறவாத கறுப்பினப் பெண்களை வெளியேறும்படி சொல்லிவிட்டதால் பெரிய மனக்கசப்பு உண்டாயிற்று. பரிசின் உருவம் ஒரு பெண். 2025 வரை முதற்பரிசு பெற்றவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. உலகமெங்கும் டிஜிட்டல் காமிரா வந்து, ஏழை இயக்குநருக்கு அது வரப்பிரசாதமாக இருந்த காலத்தில், போட்டிக்கு 35 மில்லிமீட்டர் படச்சுருள் பிரதிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, 2015-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். 2009 செப்டம்பர் முதல் தேதி ஒரே நாளில் கொட்டிய மழையில் விழா அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்து பழைய ஆவணங்கள் பாழாயின. இவையெல்லாவற்றையும்விடப் பெரிய குறை விழாவுக்கு வெளியே இருந்தது: கடன் கொடுத்த சர்வதேச நிறுவனங்கள் அரசாங்கங்களைச் செலவைக் குறைக்கச் சொல்ல, மேற்கு ஆப்பிரிக்கா நெடுகக் கொட்டகைகள் மூடப்பட்டுப் பிரார்த்தனைக் கூடங்களாகவும் கிடங்குகளாகவும் மாறின. எந்தத் திரைக்காக இந்த விழா தோன்றியதோ அந்தத் திரை மீண்டும் அருகிவிட்டது. விழா எட்டு நாள் நடக்கும்போது ஜனங்கள் முண்டியடித்துப் பார்க்கிற படம், ஒன்பதாம் நாள் எங்கே போய்ப் பார்ப்பதென்று தெரியாமற்போகிறது.

2015-இல், மாலி நாட்டில் தீவிரவாதிகள் ஆண்ட நாட்களைப் பற்றிய 'திம்புக்து' படத்தைக் காட்டினால் குண்டு வெடிக்குமோ என்று அஞ்சிக் கைவிட நினைத்து, பிறகு காவலைப் பலப்படுத்திக் காட்டினார்கள். அதன் பின் அந்த அபாயம் எல்லை தாண்டி உள்ளேயே வந்துவிட்டது. கிராமங்கள் காலியாயின, 2022-இல் மட்டும் இராணுவம் இருமுறை ஆட்சியைக் கவிழ்த்தது. அப்படியும் 2023-இல் விழா நடந்தது, 2025-இலும் நடந்தது.

கண்டா 1981-இல் அகால மரணமடைந்தபின், முதற்படம் எடுப்போருக்கென அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவினார்கள். 1995-இல் அதைப் பெற்றவர் உள்ளூர் வாலிபர் டானி குயாத்தே. வம்ச சரித்திரங்களைப் பாடும் பாணர் குலத்தவர். பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்த சொத்திகி குயாத்தேயின் மகன். தகப்பனாரையே பாணராக நடிக்கவைத்து, பண்டை மாலி அரசன் சுந்தியாதா கேய்த்தாவின் வரலாற்றைச் சொன்ன படம் அது. முப்பது ஆண்டு கழித்து, 2025-இல், ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தை மூரே மொழியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்த அவருடைய 'கதங்கா' குதிரையை வென்றது. கபோரேக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகளாக உள்ளூர்க்காரர் எவருக்கும் கிட்டாத பரிசு. எஜமானனைக் கொன்று சிம்மாசனம் ஏறும் சேனாபதியின் கதைக்கு, வாகடூகுவின் ரசிகர்களிடம் விளக்கவுரை எதுவும் தேவைப்பட்டிருக்காது.